குழாயில் ஊதியவர்

யுத்தம் முடிந்த மறு வருஷம் நான் தூத்துக்குடியில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலைக்கு நின்றேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு உப்பளத்தில் உப்பு வாரினேன், கொழும்புக்குப் போகும் தோணியில் சமையலுக்கு நின்றேன், பெட்ரோல் கிடைக்காத யுத்த நாட்களில் கரி வாயுவில் ஓடிய பஸ்ஸுக்கு அடுப்பு மூட்டினேன். எங்கேயும் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. யாரும் விரட்டவில்லை, கால் நிற்காது, அவ்வளவுதான். பட்டறையில் கூலி சொற்பம். அங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்பது கூலியில் சேர்த்தி. கூரை ஒழுகும். மழை பெய்தால் எந்த லாரி நிற்கிறதோ அதன் அடியில் படுப்பேன்.

பட்டறைக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரர். ஓடுகிற எஞ்சின்மேல் ஒரு திருப்புளியின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பிப்போனால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். வண்டியின்மேல் கோபப்படுவார்.

அந்த வருஷம் அவரை அதிகமாகக் கோபப்படுத்தியது ஒரு சங்கு வியாபாரியின் கார். யுத்தத்துக்கு முன்பு வந்த பெரிய அமெரிக்க வண்டி. வியாபாரி காயல்பட்டினத்துக்காரர், கடையும் குடியிருப்பும் தூத்துக்குடியில். முத்துக்குளிப்பு நின்று பல வருஷமாகியிருந்தது. குடும்பங்களில் கிடக்கும் பழைய முத்துகளை வாங்கி விற்பதும், சங்கைக் கல்கத்தாவுக்கு அனுப்புவதும் அவர் தொழில். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு மட்டும் சொந்த ஊருக்குப் போய்விடுவார். தொழுதுவிட்டு வாப்பாவை அடக்கம் செய்த கபருக்குப் போய்வருவது அவருக்கு வழக்கம். அதற்காகத்தான் கார் வைத்திருக்கிறார் என்று ஊரில் சொல்வார்கள்.

அந்தக் காருக்கு ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை காயல்பட்டினம் போகும்போதுதான் வினை. பத்துப் பன்னிரண்டு மைல் ஆனதும் முதலில் ஒரு தயக்கம் வரும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி யோசிக்கும். பிறகு பிடித்து இழுக்கும். மறுபடி யோசிக்கும். கார்புரேட்டர் வழியாக இரண்டு தரம் தும்மும். நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட்டரை அமுக்கினால் ஒன்றுமே நடக்காதது போல எழும்பும். கொஞ்ச தூரம் போனதும் பழையபடி யோசிக்கத் தொடங்கும்.

அந்த வியாபாரியை எல்லாரும் முதலாளி என்றுதான் சொல்வோம். முதல் வெள்ளிக்கிழமை முதலாளி பனைமரத்து நிழலில் மணல்மேல் துண்டை விரித்துத் தனியாகத் தொழ வேண்டியதாயிற்று. இரண்டாவது வெள்ளிக்கிழமை அவரும் டிரைவரும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினார்கள். அப்படியும் நடுவழியில் நின்று, இவர்கள் பள்ளிவாசலை அடைந்தபோது தொழுகை முடிந்து ஜனங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்களாம்.

முதல் தடவை நின்ற பிறகே வண்டி எங்களிடம் வந்துவிட்டது. கூடவே முதலாளியின் கடை மேனேஜரும் வந்தார். அவர் வந்தால்தான் பெட்ரோல் டேங்கைத் திறக்க முடியும். பெட்ரோலுக்குக் கூப்பன் இருந்த காலம் அது. முன்பு ஒரு டிரைவர் பெட்ரோலை உறிஞ்சி விற்றுவிட்டானாம். அதிலிருந்து முதலாளி டேங்க் மூடிக்கு முத்திரை வைக்க ஆரம்பித்தார். முத்து வியாபாரிகள் முத்தைச் சிவப்புத் துணியில் முடிந்து, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி விட்டு, மோதிரத்தால் அமுக்கி அனுப்புவார்கள். அதே மாதிரிதான் இதுவும். மூடியைச் சிவப்புத் துணியால் போர்த்தி, கழுத்தில் நூல் கட்டி, மேலெல்லாம் அரக்கு. எங்களுக்குச் சிரிப்பு வந்ததே தவிர ஆச்சரியமாயில்லை. மதிப்புள்ள எந்தச் சாமானும் அரக்கு முத்திரை இல்லாமல் கை மாறாத ஊர் அது.

மேனேஜர் முத்திரையை உடைத்து, டேங்கில் குச்சி விட்டு அளந்து, பெட்ரோலைத் தகரத்தில் இறக்கித் தன் காலடியில் வைத்துக்கொள்வார். வேலை முடிந்ததும் அவர் கண்முன்னாலேயே ஊற்ற வேண்டும். வண்டியைக் கடைக்குக் கொண்டுபோன பிறகு முதலாளி புது முத்திரை வைப்பார்.

நாங்கள் செய்யாதது இல்லை. பிளக்குகளைக் கழற்றி விளக்கினோம். பாயிண்டைத் தேய்த்தோம். கண்டென்ஸரை மாற்றினோம். கார்புரேட்டரைப் பிரித்து, அதில் பெட்ரோல் பீச்சும் சின்னத் துளைகளை ஒவ்வொன்றாக ஊதினோம். நின்ற இடத்தில் பம்பின் கண்ணாடிக் கிண்ணம் காலியாக இருந்தது என்று டிரைவர் சொல்லியிருந்ததால், கோளாறு பெட்ரோல் வரும் வழியில்தான் என்பது தெரிந்தது. டேங்க் பின்னால், எஞ்சின் முன்னால். நடுவே நீளக் குழாய். எஞ்சினோரம் இருக்கிற பம்ப்தான் பெட்ரோலை உறிஞ்சிக் கொடுக்க வேண்டும். பம்பின் உள்தோல் புதிதாகக் கிடைக்காது. எண்ணெய்த் துணியை நான்கு மடிப்பாக வெட்டித் தைத்துப் போட்டோம். தரையில் வைத்த தகரத்திலிருந்து அது அழகாக உறிஞ்சியது. குழாயில் அடைப்பில்லை. டேங்கை இறக்கி, கவிழ்த்து, வெயிலுக்குக் காட்டிப் பார்த்தோம். தாம்பாளம் போலச் சுத்தமாக இருந்தது.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரி. மேனேஜரை ஏற்றிக்கொண்டு நாங்கள் பதினைந்து மைல் ஓட்டிப் பார்த்தபோதும் நிற்கவில்லை. சேர்த்துப் பூட்டி வெள்ளிக்கிழமை ஆனால் சரியில்லை.

அண்ணாச்சி சூட்டின்மேல் பழியைப் போட்டார். வெயிலில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது, பம்பின்மேல் ஈரச் சாக்குப் போட்டு அரை மணி ஆற வைத்தால் எழும்பும் என்றார். நியாயமான பேச்சுதான்; அப்படி நிற்கிற வண்டிகள் உண்டு. சாக்கும் ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தனுப்பினோம். இரண்டாவது வெள்ளிக்கிழமையும் போயிற்று.

சனிக்கிழமை வண்டி மறுபடி வந்தது. அன்றுதான் நான் ஒரு வேண்டாத காரியத்தைச் செய்தேன். பம்போடு குழாய் சேருகிற இடத்தில் ஒரு பித்தளை நட் உண்டு. போன வாரம் நான் பூட்டியபோது அதன் முனைகள் கூராக இருந்தன. இப்போது ஸ்பானர் வழுக்கிய காயங்கள் தெரிந்தன. எதையாவது கண்டுபிடித்துவிட்ட பெருமையில், "அண்ணாச்சி, இந்த நட்ட வழியில யாரோ கழத்திருக்காங்க" என்று சத்தமாகச் சொன்னேன். மேனேஜர் தகரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். குனிந்து நட்டைப் பார்த்தார்.

சாயங்காலத்துக்குள் விஷயம் முதலாளியிடம் போய்விட்டது. அவர் யோசித்த விதத்தில் ஓட்டை இல்லை. மூடிக்கு முத்திரை இருக்கிறது. மேல் வழியாகத் திருட முடியாது. திருட வேண்டுமானால் குழாயைத்தான் கழற்ற வேண்டும். கழற்றிக் கழற்றிப் பூட்டினால் வண்டி நிற்காமல் என்ன செய்யும்? பட்டறைக்காரன் ஓட்டினால் ஓடுகிறது, டிரைவர் ஓட்டினால் நிற்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தவறினால் டிரைவர் சாவியை வைத்துவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டார். மூன்று ஜும்ஆ தொடர்ந்து தவறுவது அவர்களுக்கு லேசான காரியமில்லை. அவருக்கு அது தாங்கவில்லை என்பதும் உண்மை.

டிரைவர் மணப்பாட்டுக்காரர். நாற்பது வயதிருக்கும். மனைவி, நான்கு பிள்ளைகளோடு திரேஸ்புரத்தில் குடியிருந்தார். அவர் தகப்பனார் முத்துக் குளித்தவர். குளிப்பு நின்றதும் மகன் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். பட்டாளத்தில் லாரி ஓட்டித் திரும்பியவர்கள் ஊரெல்லாம் வேலை தேடி அலைந்த நேரம் அது. பெட்ரோல் திருடினான் என்ற பேரோடு வெளியே வருகிறவனை யார் வைத்துக்கொள்வார்கள்? இதெல்லாம் எனக்குத் திங்கட்கிழமை தெரியவந்தது. வியாழக்கிழமை வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு மத்தியானத்துக்குமேல் திரேஸ்புரத்துக்கு நடந்தேன்.

அவர் கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

"வாரும் வே. இன்னும் எதும் நட்டு பாக்கி இருக்கா, பாக்கதுக்கு?"

நான் சொன்னது தப்பு என்றேன். அவர்தான் கழற்றினார் என்று நான் நினைத்துச் சொல்லவில்லை என்றேன்.

"நாந்தான் கழத்துனேன்" என்றார்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவரு மணல்ல தொழுதுட்டு இருந்தாரு. அந்த நேரத்துல கழத்துனேன். குழாயில வாய வச்சு, இருக்க மூச்செல்லாம் கூட்டி ஊதுனேன். தூசி கீசி கெடந்தா டேங்குக்கே திரும்பிப் போவட்டும்னு. மாட்டி அமுக்குனேன், எழும்பிட்டு."

"ரெண்டாவது வெள்ளியும் ஊதுனீங்களா அண்ணே?"

"ரெண்டு எடத்துல. அவரு ஒதுங்கப் போன நேரம் ஒண்ணு, தண்ணி கேட்டு ஒரு வீட்டுக்குப் போன நேரம் ஒண்ணு."

"மொதலாளிட்ட சொல்லிருக்கலாம்லா."

"முத்திர வச்ச வண்டியில குழாயக் கழத்துனேன்னு சொல்லணும். ஊதத்தான் கழத்துனேன்னு சொன்னா யாரு நம்புவா? நீரு நம்புவீரா?"

நம்புகிறேன் என்றேன். நீர் நம்பி எனக்கு என்ன ஆகப்போகிறது என்று சிரித்தார். அவர் மனைவி இரண்டு கும்பாவில் கஞ்சியும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து வைத்தார். என்னை யார் என்று அவரிடம் சொல்லியிருந்தால் வைத்திருப்பாரா என்று தெரியவில்லை. காலையிலிருந்து சாப்பிடாததால் கேட்காமல் குடித்தேன்.

திரும்பி வரும்போது அவர் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் வண்டியை எழுப்பியது ஈரச் சாக்கும் இல்லை, அரை மணி நேரமும் இல்லை. இவர் ஊதியதுதான். ஆனால் எதை ஊதினார்? டேங்கை நானே கவிழ்த்துப் பார்த்தவன். அதில் அழுக்கு இல்லை. இல்லாத அழுக்கை எப்படித் தள்ள முடியும்?

கரையோரம் ஒரு தோணிக்குத் தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே மரக்கட்டை அடைத்து, கீழே குழாய் வைத்த பீப்பாய். அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய அவமானம் ஒன்று நினைவுக்கு வந்தது. கொழும்புத் தோணியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், உலை வைக்கப் பீப்பாய்க் குழாயைத் திறந்தேன். ஒரு சட்டி அளவு வந்தது, நூலாகியது, நின்றுவிட்டது. தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று போய்ச் சொன்னேன். கரையைவிட்டு அரை நாள்கூட ஆகவில்லை. ஒரு கப்பல்காரர் எழுந்து வந்து, மேலே இருந்த கட்டையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டித் தளர்த்தினார். தண்ணீர் கொட்டியது. மேலே காற்றுப் போனால்தான் கீழே தண்ணீர் வரும். கொழும்பு போய்ச் சேரும்வரை என்னை அதைச் சொல்லிச் சொல்லியே கூப்பிட்டார்கள்.

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். பெட்ரோல் மூடியில் குண்டூசி நுழைகிற அளவு ஒரு துளை உண்டு. எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் துளை வழியாகத்தான் டேங்குக்குக் காற்றுப் போகும். ஆனால் எங்களிடம் அந்த மூடி எப்போதும் அரக்கை உடைத்த பிறகுதான் வந்தது. நாங்கள் ஓட்டிப் பார்த்ததெல்லாம் திறந்த மூடியோடு. முதலாளி போனதெல்லாம் அடைத்த மூடியோடு. அடைத்த டேங்கில் பம்ப் உறிஞ்ச உறிஞ்ச உள்ளே வெறுமை ஏறும். ஒரு கட்டத்தில் பம்ப் தோற்றுவிடும். இந்த மனிதர் ஊதித் தள்ளியது அழுக்கை அல்ல. டேங்குக்குக் காற்றுக் கொடுத்திருக்கிறார்.

திரும்ப வள்ளத்தடிக்கே போனேன். முத்திரை முன்பும் இப்படித்தானா என்று கேட்டேன். முன்பெல்லாம் மூடிக்கும் கழுத்துக்கும் ஒரு நூல், நூல்மேல் ஒரு பொட்டு அரக்கு, அவ்வளவுதான். நூலை உருவிவிடலாம் என்று யாரோ சொன்னதால், நோன்புக்குப் பிறகுதான் துணி போட்டு முழுவதும் மூடுகிறார்கள் என்றார். வண்டி நிற்க ஆரம்பித்தது எப்போது என்று கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

"ஊருக்குள்ள நிக்கலியே வே" என்றார்.

கூப்பன் பெட்ரோல் வியாழக்கிழமை ஊற்றுகிறார்கள், வெள்ளிக்கிழமை டேங்க் நிறைய இருக்கும், உள்ளே காற்றுக்கு இடம் கொஞ்சம், அதனால் அந்தக் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். ஊருக்குள் ஒரு மைல் இரண்டு மைல் ஓடி நின்று நின்று போவதால், அரக்கின் விரிசலில் கசிகிற காற்றே போதும் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது சரியாகப் பட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முகம் தெளியவில்லை.

"இத அவருகிட்ட யாரு சொல்ல? ஒம்ம முத்திரதான் வண்டிய நிறுத்துதுன்னு."

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வியாபாரியின் முத்திரையில் கை வைத்தால் ஒரு வண்டியும் இந்தப் பட்டறைக்கு வராது என்றார். பிறகு, "போறதுன்னா போ. ஆனா நீயாப் போ" என்றார்.

மறுநாள் காலையில் கடை வாசலில் காருக்குப் பக்கத்தில் நின்றேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவர பட்டறையில் அனுப்பினார்கள் என்று முதலாளியிடம் பொய் சொன்னேன். அவர் என் அழுக்குச் சட்டையைப் பார்த்தார். முன்னால் உட்காரச் சொன்னார். ஏறுவதற்கு முன் பின்பக்கம் போய் மூடியைப் பார்த்தேன். சிவப்பு அரக்கு, நேற்று வைத்தது, பளபளவென்று இருந்தது. நடுவில் மோதிர அடையாளம். மிக நேர்த்தியான வேலை.

பழையகாயல் தாண்டும்வரை வண்டி ஒழுங்காக ஓடியது. பனைகளுக்கு நடுவே சாலை திரும்புகிற இடத்தில் முதல் தயக்கம் வந்தது. டிரைவர் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் முதலாளி பாக்கெட்டிலிருந்து கடிகாரத்தை எடுக்கிற சங்கிலிச் சத்தம் கேட்டது. வண்டி யோசித்தது, இழுத்தது, யோசித்தது. இரண்டு தும்மல். மணலோரம் உருண்டு நின்றது.

டிரைவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எறங்கிப் பாக்கலையா?" என்றார் முதலாளி.

"பாக்க மாட்டேன் மொதலாளி. நான் கைய வச்சா கழத்துனேன்னு ஆவும்."

நான் இறங்கி பானெட்டைத் தூக்கினேன். முதலாளியை வந்து பார்க்கும்படி கேட்டேன். வந்தார். கண்ணாடிக் கிண்ணம் காலியாக இருந்தது. டேங்கில் முக்கால்வாசிக்குமேல் பெட்ரோல் இருப்பது அவருக்கே தெரியும். நேற்று அவர் முன்னால்தான் ஊற்றினார்கள். நட்டைக் காட்டினேன். நேற்றுச் சாயங்காலம் கடைக்குப் போய், மேனேஜர் கண்முன்னால் அதன்மேல் நான் பூசி வைத்திருந்த சுண்ணாம்பு கலையாமல் இருந்தது. வழியில் யாரும் தொடவில்லை.

"அப்பம் எங்க கொற?" என்றார்.

பின்பக்கம் போய் நின்றேன். அவர் மெதுவாக வந்தார். மூடியைக் காட்டினேன்.

"முத்திரையில என்ன கொற?"

"ஒரு கொறயும் இல்ல மொதலாளி. ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. காத்துக்கூட போவல. அதான் வண்டி நிக்கி."

பீப்பாயைப் பற்றிச் சொன்னேன். சமையல்காரனாக நான் பட்ட அவமானத்தையும் விடாமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அரக்கின்மேல் விரலை ஓட்டி, மோதிர அடையாளம் பழுதுபடாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். முத்துப் பொதியை வாங்குகிறவர் முதலில் செய்வது அதுதான். அவர் வைத்ததுதான், அவர்தான் உடைக்க வேண்டும்.

"ஒடச்சுப் பாத்து ஒண்ணும் இல்லன்னா?"

"நாங்க ரெண்டுபேரும் இங்கனயே எறங்கிக்கிடுதோம்" என்றேன். டிரைவரைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். அவர் கதவைத் திறந்து இறங்கி நின்றார்.

முதலாளி பேனாக்கத்தியை எடுத்தார். அரக்கு சில்லுச் சில்லாக விழுந்தது. நூலை அறுத்தார். துணியை உருவி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். மூடியைப் பிடித்துத் திருகினார். முதலில் அது வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. இன்னொரு தரம் பலமாகத் திருகினார்.

அந்தச் சத்தத்தை மூன்றுபேரும் கேட்டோம். நீளமாக, உள்நோக்கி இழுக்கிற ஒரு மூச்சு. மூழ்கிக் கிடந்தவன் தண்ணீருக்குமேல் தலையைத் தூக்கி இழுக்கிற முதல் மூச்சு அப்படித்தான் இருக்கும். அந்தக் கரையில் பிறந்த இரண்டுபேருக்கு அதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலாளி கையில் மூடியோடு டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கீழே கிடந்த அரக்குச் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடியை வெறுமனே போட்டோம். டிரைவர் ஸ்டார்ட்டரை அமுக்கினார், நாலைந்து சுற்றுச் சுற்றியதும் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் ஏறுவது எனக்குத் தெரிந்தது. எழும்பிவிட்டது. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே வண்டி போன வேகத்தில் முதலாளி ஒரு தரம் மெதுவாகப் போகச் சொன்னார். அடுத்த நிமிஷமே, "இல்ல, போ" என்றார். ஆறுமுகநேரி உப்பளத்து வெளிச்சத்தில் கண் கூசியது. வண்டி ஒரு தரம்கூட யோசிக்கவில்லை.

பள்ளிவாசலில் இமாம் பேசிக்கொண்டிருந்தார். தொழுகைக்கு இன்னும் வரிசை நிற்கவில்லை. முதலாளி செருப்பை உதறிவிட்டு, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஹவுளை நோக்கி ஓடினார். கனத்த உடம்பு. அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

நாங்கள் இருவரும் ஒரு வேப்பமரத்து நிழலில் வண்டியைப் போட்டுக் காத்திருந்தோம். டிரைவர் கழுத்தில் கிடந்த குருசை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துச் சிரிக்கத் தொடங்கினார். எதற்கு என்று கேட்டேன்.

"ரெண்டு வெள்ளியா இவரு என் மூச்சுலல்லா வே ஊருக்கு வந்திருக்காரு."

தொழுகை முடிந்து, கபருக்குப் போய்விட்டு முதலாளி வர நேரமாயிற்று. எங்களுக்கு முதலாளியின் ஊர் வீட்டிலிருந்து சோறும் கறியும் வந்தது. அந்த மாதத்தில் நான் வயிறு நிறையச் சாப்பிட்ட இரண்டாவது சாப்பாடு. திரும்பும்போது முதலாளி முத்திரையைப் பற்றியோ, நட்டைப் பற்றியோ, சாவியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கு விலையைப் பற்றிக்கூடப் பேசவில்லை. டிரைவர் ஓட்டினார். அவ்வளவுதான்.

பட்டறையில் நடந்ததைச் சொன்னேன். அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "மூடிமேல எனக்கு மொதல்லயே ஒரு கண்ணு" என்றார். ஆனால் அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும், அதைத் தொடுவதற்கு முன்னால் எப்படி வந்ததோ அப்படியே ஒரு தரம் ஓட்டிப் பார்க்க என்னைத்தான் அனுப்பினார். பதினோரு மாதம் அங்கே இருந்தேன். என் கணக்கில் அது அதிகம்.

அடுத்த வியாழக்கிழமை நடந்ததை டிரைவர் சொல்லித்தான் அறிந்தேன். பெட்ரோல் ஊற்றியதும் மேனேஜர் வழக்கம்போல அரக்கும் மெழுகுவர்த்தியும் சிவப்புத் துணியும் எடுத்துக்கொண்டு வந்தாராம். இவர் மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். மாடியிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்து, "அத உள்ள வையும்" என்றாராம்.

வெள்ளிக்கிழமை போய் வந்தார்கள். சனிக்கிழமை வண்டி பட்டறைக்கு வந்தது. கோளாறு எதுவும் இல்லை. மேனேஜர் வரவில்லை. முதலாளியே பின்னால் உட்கார்ந்து வந்திருந்தார். அவர் பட்டறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சி முக்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. பானெட்டைத் தூக்கச் சொன்னார். குனிந்து, காயம்பட்ட அந்தப் பித்தளை நட்டை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இத மாத்திரு. புதுசு போடு" என்றார் என்னிடம்.

டிரைவர்மேல் சந்தேகப்பட்டதற்கு அதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. நான் ஸ்பானரை எடுக்கத் திரும்பினேன். டிரைவர் குறுக்கே கை நீட்டினார்.

"எதுக்கு மொதலாளி? ஒழுகல. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

முதலாளி அவரைப் பார்த்தார்.

"சரி, கெடக்கட்டும்" என்றார். தானே பானெட்டை இறக்கி, இரண்டு கையாலும் அமுக்கிவிட்டு வண்டியில் ஏறினார்.